எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் வாழைக்கு என்ன நோய் என்று தெரிந்துவிடுமா?

கேள்வி, நவம்பர் 2

கொடைக்கானல் கீழ்மலையில், பாச்சலூரில் நாலு ஏக்கர் காபி. ஊடே விருப்பாட்சி வாழை. பதினைந்து இருபது மரத்தில் புது இலை விரியாமல் குறுகி, உச்சியில் கொத்தாக நிற்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் என்கிறார். உரக்கடையில் துத்தநாகக் குறை என்று ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டார்கள். சென்னையில் படிக்கும் மகள், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் வைரஸ் கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும், அப்புறம் பேச்சே இல்லை என்கிறாள். இலையை எங்கே அனுப்புவது? இப்படி ஒரு கருவி இருக்கும்போது இந்த மலையில் ஏன் ஒன்றுகூட வைக்கவில்லை?

நவம்பர் 2, இரவு 9.15

அனுப்ப வேண்டாம். காலையில் வெயில் ஏறியதும் இளம் இலையின் காம்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கரும்பச்சையில் புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி, கோடு என்று விட்டுவிட்டு ஓடுகிறதா? தந்தி ஆபீஸ் காலத்து மோர்ஸ் மாதிரி? ஓடினால் முடிக்கொத்துதான். செலவு ஒன்றுமில்லை.

நவம்பர் 2, இரவு 10.40

மேலே எழுதியது முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது. மகள் சொன்னதில் தப்பில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாக.

சமவெளியில் ஓர் ஆய்வகத்தில் பதினோரு வருஷம் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஓட்டியவன் நான். ஓட்டுவது என்றுதான் சொல்வோம், பஸ் மாதிரி. இப்போது பண்ணைக்காட்டுப் பக்கம் அப்பா விட்டுப்போன காபித்தோட்டம்.

சாதாரண நுண்ணோக்கியில் வில்லையை எவ்வளவு மெருகேற்றினாலும் 200 நானோமீட்டருக்குக் கீழே (மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளி ஒரே புள்ளியாகிவிடும். ஒளியின் அலைநீளமே 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது, வில்லை என்ன செய்யும்? முடிக்கொத்து வைரஸ் 18 முதல் 20 நானோமீட்டர். பத்தை வரிசையாக நிறுத்தினால்தான் அந்த 200 வரும். 1931-ல் பெர்லினில் மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் ஒளிக்குப் பதில் எலக்ட்ரான், கண்ணாடிக்குப் பதில் காந்தச்சுருள் என்று மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் ருஸ்கா ஒளி நுண்ணோக்கியைத் தாண்டிவிட்டார். 100 கிலோவோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர், அதனால் அதுவரைக்கும் பிரித்துப் பார்க்கலாம். ருஸ்காவுக்கு நோபல் கிடைத்தது 1986-ல். முழுசாக 55 வருஷம். பட்டா மாறுதலே பரவாயில்லை.

கருவியில் இரண்டு வகை. ஒன்று பொருளை ஊடுருவிப் பார்ப்பது, ஆய்வகப் பேச்சில் டெம். இன்னொன்று மேல்பரப்பைத் தடவிப் பார்ப்பது, செம். உங்கள் மகள் சொல்வது டெம். பத்திரிகையில் பார்க்கும் ஈயின் கண், எறும்பின் தாடை எல்லாம் செம்.

நவம்பர் 3, காலை 6.20

தூக்கம் வரவில்லை. நேற்று ஒரு தப்பு எழுதிவிட்டேன், யாரும் பிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அலைநீளம் 0.0037 என்பதால் அதுவரைக்கும் பிரித்துப் பார்க்கலாம் என்றேனே, அது கிடையாது. காந்த வில்லை கண்ணாடி வில்லையைவிட மோசமான வில்லை. பிழை திருத்திய இன்றைய நல்ல கருவியில்கூட 0.05 நானோமீட்டர் பக்கம்தான், அதுவும் படிகம் மாதிரி கெட்டியான பொருளில். சாயமேற்றிய இலைச் சீவலில் 2 நானோமீட்டர் கிடைத்தால் கும்பிடு போடலாம்.

நவம்பர் 3, மதியம்

"இலையை அப்படியே உள்ளே வைத்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வைத்தால் வத்தலாகிவிடும். உள்ளே வெற்றிடம். காற்று இருந்தால் எலக்ட்ரான் அதில் முட்டிச் சிதறும் என்பதால் காற்றை உறிஞ்சிவிடுகிறோம். கூடவே இலையின் தண்ணீரும் போய்விடும்.

டெம்முக்கு இலை படும் பாட்டைச் சொல்கிறேன். தீக்குச்சி மருந்தைவிடச் சின்னதாக, ஒரு மில்லிமீட்டர் துண்டு வெட்டி, வெட்டிய கையோடு குளூட்டரால்டிகைடில் போட வேண்டும், செல் அந்த நிலையிலேயே உறைந்து நிற்பதற்கு. அப்புறம் ஆஸ்மியம் டெட்ராக்சைடு. பச்சைத் துண்டு கரிக்கட்டையாகிவிடும். அதன் புகை கண்ணில் பட்டால் கண் போச்சு. அப்புறம் ஆல்கஹாலில் படிப்படியாகத் தண்ணீரை எடுத்து, பிசினுக்குள் புதைத்து, அடுப்பில் இறுக வைப்பது. மூன்று நாள் போய்விடும்.

அதைச் சீவும் கத்தி எஃகு இல்லை. கண்ணாடிப் பட்டையை உடைத்தால் உடைந்த விளிம்பு எவ்வளவு கூராக இருக்கும்? அதுதான் கத்தி. வசதியுள்ள இடத்தில் வைரம். கத்தியின் முதுகில் ஒரு குட்டித் தொட்டி, அதில் தண்ணீர். சீவல் ஒவ்வொன்றாக அந்தத் தண்ணீரில் வந்து மிதக்கும், ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பன் மாதிரி. தடிமனை நிறத்தை வைத்துத்தான் சொல்வோம். சோப்புக் குமிழியில் நிறம் ஓடுமே, அதே சங்கதி. வெள்ளி நிறத்தில் மின்னினால் 60 முதல் 90 நானோமீட்டர், எடுத்துக்கொள்ளலாம். தங்க நிறம் என்றால் கொஞ்சம் தடிப்பு. ஊதாவென்றால் தூக்கிப்போட வேண்டியதுதான். தங்கத்தைத் தள்ளிவிட்டு வெள்ளியைப் பொறுக்குகிற தொழில் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று எங்கள் லேபில் ஒரு பேச்சு உண்டு.

மிதக்கும் சீவலை நகர்த்த என்ன கருவி தெரியுமா? கண் இமை முடி. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒற்றை இமைமுடியை ஒட்டி வைத்திருப்போம். அதைவிட மெல்லிசாக, அதைவிட வளைந்துகொடுக்கிற மாதிரி வேறொன்று அகப்படவில்லை. புதிதாகச் சேர்ந்த பையனிடம் முதல் நாளே நாலு முடி வாங்கிவிடுவோம். லட்சக்கணக்கில் விலை பெறும் கருவிக்குப் பக்கத்தில் பஞ்சு டப்பாவில் சொருகிய இமைமுடிகள்.

இப்போது கணக்கு. ஒரு மில்லிமீட்டர் துண்டை 70 நானோமீட்டர் சீவலாகச் சீவினால் 14,000 சீவல் வரும். நாங்கள் பார்ப்பது பத்தோ பதினைந்தோ. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் தொலைநோக்கிக்குக் காசு கொடுத்து, பெரியகுளத்தில் ஒரு மொட்டைமாடியைப் பார்த்துவிட்டு, அந்த ஊரில் யாரும் துணி காயப்போடுவதில்லை என்று சொல்கிற மாதிரி. "வைரஸ் காணோம்" என்று டெம் சொன்னால், அந்தப் பத்துச் சீவலில் காணோம் என்று மட்டும்தான் அர்த்தம்.

நவம்பர் 4, இரவு

"காணோம் என்றால் சரி, தெரிந்தால் உறுதிதானே?"

இதைக் கேட்டவருக்கு என் மானக்கேட்டையே சொல்கிறேன்.

1995. ஊருக்கு வந்தபோது எங்கள் தோட்டத்து முடிக்கொத்து வாழையிலிருந்து துண்டு வெட்டினேன். ஐஸ் போட்ட தெர்மாஸ் குடுவையில் குளூட்டரால்டிகைடு குப்பிகள், மடியில் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு வரைக்கும் பஸ். கீழே இறங்குவதற்குள் ஐஸ் பாதி கரைந்துவிட்டது. கண்டக்டர் குல்ஃபியா என்று கேட்டார்.

பத்து நாள் கழித்து டெம்மில் பார்க்கிறேன், செல்லுக்குள் சீரான உருண்டை உருண்டையாகக் கறுப்புத் துகள். அளந்தேன். இருபது நானோமீட்டர் பக்கம். அந்த வைரஸின் துகளை வெளிநாட்டில் பிரித்தெடுத்துக் காட்டியே அப்போது நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. எழுபதுகளில் தொடங்கி எங்கள் கீழ்மலையையே மொட்டையடித்த சனியன், என் அப்பா வெட்டி வெட்டிப் புதைத்த சனியன், இதோ எனக்கு முன்னால் பச்சைத் திரையில். இருட்டறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன் என்றால் நம்புவீர்களா? 24 படம் எடுத்தேன். உறையின் மேல் "வைரஸ்" என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி.

கைடு படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கேட்டது ஒரே கேள்வி. "நல்ல வாழையில பாத்தியாப்பா?"

பார்க்கவில்லை.

பார்த்தேன். நல்ல வாழையிலும் அதே உருண்டை, அதே அளவு, அதே கூட்டம். ரைபோசோம். உயிருள்ள எந்தச் செல்லிலும் புரதம் செய்துகொண்டிருக்கும் உருண்டை, 20 முதல் 30 நானோமீட்டர். மெல்லிய சீவலில் அதையும் சின்ன உருண்டை வைரஸையும் பிரித்துச் சொல்வது பெரிய கைகாரர்களுக்கே கஷ்டம். புகையிலைத் தேமல் வைரஸ் மாதிரி 300 நானோமீட்டர் நீளக் குச்சியாக இருந்தால் ஏமாற வழியில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 1939-லேயே படம் பிடித்த வைரஸ் அது. குச்சி செல்லுக்குள் இயல்பாகக் கிடக்காது. உருண்டை எங்கும் கிடக்கும்.

நவம்பர் 5

நேற்று சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதி இன்னும் கேவலம் என்பதால் விட்டுவிட்டேன்.

ரைபோசோம் விவகாரம் முடிந்து, இரண்டாம் முறை கவனமாகச் செய்தேன். இப்போது நோய் வாழையில் மட்டும் அடர்கறுப்புத் துகள், நல்ல வாழையில் இல்லை. கன்ட்ரோலும் சரி. மறுபடியும் ஓடினேன். கைடு இந்த முறை படத்தையே பார்க்கவில்லை. "லெட் சிட்ரேட் போடும்போது பேசினியா?" என்றார்.

சீவலுக்கு மாறுபாடு ஏற்ற ஈயச் சாயம் போடுவோம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது ஈயக் கார்பனேட்டாகப் படிந்து கறுப்புப் பொட்டு வைத்துவிடும். அதனால் பெட்ரி தட்டில் சுற்றிலும் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைப் பரப்பி, மூடியைச் சற்றே தூக்கி, மூச்சடக்கிச் சாயம் போட வேண்டும். நல்ல வாழைக்குப் போடும்போது மூச்சடக்கினேன். நோய் வாழைக்குப் போடும்போது பக்கத்து மேசைக்காரனிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தேன். ஆக நான் கண்டுபிடித்தது என் வாய்க்காற்றை.

எடுத்த இடமும் தப்பு. அந்த வைரஸ் உணவு கடத்தும் ஃபுளோயத்தில் மட்டும் இருப்பது. நான் வெட்டியது இலைப்பரப்பில், நரம்பு ஒதுக்கி, சுத்தமாக. அழகான இடமாகப் பார்த்து வெட்டினேன்.

நவம்பர் 6

விஷயம் தெரிந்த ஒருவர் திருத்தியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். டெம்மில் உருண்டை வைரஸை அடையாளம் காணவே முடியாது என்கிற தொனியில் எழுதிவிட்டேன், அப்படியில்லை. 1973-லேயே வழி வந்துவிட்டது. மூன்று மில்லிமீட்டர் வட்டமான செப்பு வலைதான் எங்கள் கிரிட். அதன் மேல் அந்த வைரஸுக்கான எதிர்ப்புரதத்தை, அதாவது ஆன்டிபாடியை, பூசி, இலைச் சாற்றுத் துளியில் மிதக்க விட்டால், வேண்டிய வைரஸ் மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். பசைத்தாளில் ஈ மாதிரி. ரைபோசோம் வந்தவழியே போய்விடும். சீவலும் வேண்டாம், பிசினும் வேண்டாம். ஆனால் எதிர்ப்புரதம் கையில் இருந்தால் அதை வைத்தே எலைசா என்ற நிறச் சோதனை செய்யலாம், இப்போது வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆரும் இருக்கிறது. கேள்வி கேட்ட பாச்சலூர்க்காரருக்கு அதுவே போதும்.

நவம்பர் 7

எலக்ட்ரான் படத்தில் நிறம் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். கிடையாது. கொரோனா சிவப்பு, பின்னணி நீலம், எல்லாம் அப்புறம் கணினியில் அடித்த பெயின்ட். எலக்ட்ரான் படத்தில் கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல், அவ்வளவுதான்.

நவம்பர் 11

மூன்று நாளாக அடைமழை, கரண்ட் இல்லை. பழம் பறிக்கவும் ஆள் வரவில்லை. செல்போனை ஜீப்பில் சார்ஜ் போட்டு எழுதுகிறேன்.

மலையில் ஏன் ஒன்றுகூட வைக்கவில்லை என்ற கேள்விக்கு இதுவே பதில். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் வெற்றிடம் போகும், வால்வுகள் படபடவென்று மூடும், திரும்பக் காற்றை உறிஞ்சிப் பழைய நிலைக்கு வர நேரமெடுக்கும். பக்கத்தில் லாரி போனால் படம் ஆடும். ஈரப்பதம் ஆகாது. இதையெல்லாம் கட்டிக் காக்கத் தனிக் கட்டடம், பேட்டரி, குளிரூட்டி, பராமரிப்பு ஒப்பந்தம். வாங்குகிற விலையைவிட வைத்துக் காப்பாற்றுகிற விலைதான் ஆளைக் கொல்லும். ஒரு கல்லூரியில் மூடாக்குப் போட்டு நிற்கும் செம்மைப் பார்த்திருக்கிறேன், பம்ப் பழுதுபார்க்கக் காசில்லாமல். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.

எலக்ட்ரானைக் கக்கும் டங்ஸ்டன் இழை எப்படி இருக்கும் தெரியுமா? வி வடிவில் வளைத்த கம்பி. அதை 2,400 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாக்குவோம், வளைவின் முனையிலிருந்து எலக்ட்ரான் பாயும். ஆங்கிலத்தில் அதற்குக் கொண்டை ஊசி என்றுதான் பெயர். மலை ரோட்டிலும் கொண்டை ஊசி, மிஷினுக்குள்ளும் கொண்டை ஊசி. இரண்டிலும் ஆபத்து அந்த வளைவில்தான், இழை அங்கேதான் அறும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறும்.

நவம்பர் 12

வாழையை விட்டுக் காபிக்கு வருகிறேன், இங்கே பாதிப் பேர் காபிக்காரர்கள்.

இலைத்துரு எல்லோருக்கும் தெரியும். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி, விரலில் தடவினால் மஞ்சள் மாதிரி ஒட்டும். செம்மில் நான் ரசித்துப் பார்த்த பொருள் அது. இலையின் மூச்சுத்துளை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பூங்கொத்து நீட்டிக்கொண்டிருக்கும். கொத்தில் ஒவ்வொரு வித்தும் ஆரஞ்சுச் சுளை மாதிரி, குவிந்த முதுகு முழுக்க முள், உள்பக்கம் மழமழவென்று வழுக்கை. பாதி முள், பாதி வழுக்கை. அந்தப் பூஞ்சையின் பேரினப் பெயரான ஹெமிலியா என்பதற்கே பாதி வழவழப்பு என்றுதான் அர்த்தம். செம் இல்லாவிட்டால் இந்த அழகு தெரிந்திருக்காது.

இலையை வத்தலாகாமல் உள்ளே வைக்க வழி உண்டு. ஆல்கஹாலுக்குப் பதில் திரவ கார்பன் டை ஆக்சைடை ஏற்றி, 31 டிகிரியும் 73 வளிமண்டல அழுத்தமும் தாண்டினால் திரவத்துக்கும் வாயுவுக்கும் வித்தியாசமே இருக்காது. அந்த நிலையில் மெல்ல வெளியே விட்டால் இலை சுருங்காமல் காயும். மேலே பத்து நானோமீட்டர் தங்கப் பூச்சு. தங்கம் இல்லாவிட்டால் எலக்ட்ரான் மேலேயே தேங்கி, படத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இழுக்கும். ஆமாம், நிஜத் தங்கம். வீட்டில் என் மனைவி நம்பியதே இல்லை.

நவம்பர் 13

"செம் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது" என்று எழுதியது அபத்தம். ராத்திரி படுக்கையில்தான் உறைத்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பெயரை இங்கிலாந்துப் பூஞ்சையியலாளர் பெர்க்லி வைத்தது 1869-ல், சிலோனிலிருந்து போன இலைகளைப் பார்த்து. முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு 62 வருஷம் முன்னால்! பித்தளைக் குழாய் நுண்ணோக்கியை ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, பாதி முள் பாதி வழுக்கை என்று எழுதிவிட்டார்கள். நான் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, தங்கம் பூசி, "அடடா" என்றேன். சிலோனில் காபி போய்த் தேயிலை வந்ததற்குக் காரணமான பூஞ்சையைக் கண்டுபிடிக்க செம் தேவைப்படவில்லை.

வித்து 30 மைக்ரான் பக்கம் (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்), அதாவது ஒளி நுண்ணோக்கியின் எல்லையைவிட நூற்றைம்பது மடங்கு பெரிசு. தெரியாமல் எப்படி இருக்கும்?

நவம்பர் 19

மழை விட்டது. தோட்டத்தில் போர்டோக் கலவை என்ற பூஞ்சை மருந்து அடித்துக்கொண்டிருந்தோம். ஓடையோரம் சேம்பு இலையில் பட்டது எல்லாம் முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது, ஒரு பொட்டுகூட நிற்கவில்லை. வேலைக்கு வந்த பையன் "அண்ணே, இந்த இலைக்கு மட்டும் எண்ணெய் தடவியிருக்கா?" என்றான்.

இதற்குப் பதில் செம்மில்தான் கிடைத்தது, இந்த முறை தைரியமாகச் சொல்கிறேன். தாமரை இலைத் தண்ணீர் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். வழவழப்பாக இருப்பதால் ஒட்டவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தது. ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் எழுபதுகளில் ஆயிரக்கணக்கான இலைகளை செம்மில் பார்த்தார். அவருக்கு ஒன்று இடித்தது. வழவழப்பான இலைகளைத்தான் தூசி போகக் கழுவிவிட்டு உள்ளே வைக்க வேண்டியிருந்தது. கழுவாமலே சுத்தமாக இருந்தவை எல்லாம் சொரசொரப்பானவை. தாமரை இலையின் மேல் மைக்ரான் கணக்கில் மேடு மேடாக, ஒவ்வொரு மேட்டின் மேலும் மெழுகுக் குழல்கள். தண்ணீர் அந்த முனைகளில் மட்டும் உட்கார்ந்து, அடியில் காற்று. சேம்பிலும் அதே தந்திரம்தான். அவர் தேடியது தாவரங்களின் உறவுமுறை. கிடைத்தது இது.

மருந்தோடு ஒட்டும் திரவம் கலக்கச் சொல்கிறார்களே, அந்தக் காற்றைத் தோற்கடிக்கத்தான்.

நவம்பர் 22

தேன் விற்பவர் ஒருவர் "குறிஞ்சித் தேன் என்று நிரூபிக்க எலக்ட்ரான் நுண்ணோக்கிச் சான்றிதழ் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். முதலில் ஒளி நுண்ணோக்கி. தேனில் கிடக்கும் மகரந்தத்தைச் சுத்தம் செய்து எண்ணினால் எந்தப் பூக்கூட்டம் என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். செம் வேண்டியது அதற்கு அடுத்த படியில். குறிஞ்சியின் பேரினத்தில் இனத்துக்கு இனம் மகரந்தம் வேறு, ஒன்று கோடு போட்ட நீள உருண்டை, இன்னொன்று முள்பந்து. எது எது என்று வகைப்படுத்துகிறவர்களுக்கு செம் படம் கைரேகை மாதிரி. மற்றபடி, 2018-ல் பூத்ததற்கு அடுத்தது 2030-ல். நடுவில் குறிஞ்சித் தேன் என்று பாட்டில் வந்தால் நுண்ணோக்கி எதற்கு, காலண்டர் போதாதா?

பன்னிரண்டு வருஷக் கணக்கில் சேராத குறிஞ்சி உறவுக்காரச் செடிகளும் இந்த மலையில் உண்டு, அதனால் காலண்டரை மட்டும் நம்பியும் சண்டைக்குப் போகாதீர்கள்.

நவம்பர் 24

"மூன்று வாரமாக எதற்கெடுத்தாலும் தேவையில்லை தேவையில்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த மிஷின் எதற்குத்தான்?" என்று ஒரு தங்கச்சி பொரிந்திருக்கிறார். நியாயம். பதினோரு வருஷம் சோறு போட்ட கருவியைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். பி.சி.ஆர். செய்ய, எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். எலைசாவும் அப்படியே. எதைத் தேடுவது என்றே தெரியாதபோது, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க இது ஒன்றுதான் இருந்தது. 2003-ல் சார்ஸ் வந்தபோது செல் வளர்ப்பை டெம்மில் வைத்துப் பார்த்துத்தான், இது கொரோனாக் குடும்பம் என்ற துப்பு அமெரிக்காவில் கிடைத்தது. அந்தக் குடும்பத்துக்கு முள்கிரீடம் இருக்கிறது என்று மனித வைரஸில் முதலில் கண்டது ஜூன் அல்மெய்டா, அறுபதுகளில் லண்டனில். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர். ஆப்பரேட்டர்கள் எங்களுக்கு அவர் குலசாமி மாதிரி.

எங்கள் பக்கத்துக்கே வருகிறேன். உருளைக்கிழங்கில் தங்க நூற்புழு. 1961-ல் நீலகிரியில் கண்டார்கள், கொடைக்கானல் மேல்மலையிலும் இருக்கிறது. செத்த பெண்புழுவின் உடம்பே முட்டைக்கூடாகிவிடும். அரை மில்லிமீட்டர், உள்ளே ஐந்நூறு முட்டை வரைக்கும், மண்ணில் இருபது வருஷம் கிடந்தாலும் சாகாது. நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை இருப்பது இதனால்தான். உருளையைத் தாக்கும் இந்தக் கூட்டுநூற்புழுவில் இரண்டு இனம், தங்க நூற்புழு அதில் ஒன்று. ஒன்றுக்கு எதிர்ப்புள்ள ரகம் மற்றதிடம் தோற்றுப்போகலாம், ஆகவே எது என்று தெரிந்தாக வேண்டும். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. கூட்டின் வால்பக்கத்தை வெட்டி, இரண்டு துளைகளுக்கு நடுவே எத்தனை வரப்பு என்று எண்ண வேண்டும். ஒன்றில் சராசரி 20-ஐ ஒட்டி, மற்றதில் 12-ஐ ஒட்டி. பழகிய கண் இதை ஒளி நுண்ணோக்கியிலேயே எண்ணிவிடும், ஆனால் பதினாலா பதினைந்தா என்று தகராறு வரும். செம் படத்தை வைத்தால் உழுத காடு மாதிரி வரப்பு வரப்பாகத் தெரியும், எல்.கே.ஜி. பிள்ளைகூட எண்ணலாம். மேல்மலையிலிருந்து வந்த மண்ணில் அப்படி எண்ணிய அன்றைக்கு மட்டும்தான், என் வேலை என் ஊருக்கு ஆகியிருக்கிறது என்று தோன்றியது.

இப்போது கிரையோ. புரதத்தைப் படிகமாக்காமல், சாயம் போடாமல், திரவ ஈத்தேனில் சட்டென்று முக்கி, பனிப்படிகம் விழக்கூட நேரம் கொடுக்காமல் உறைய வைத்து டெம்மில் பார்ப்பது. டூபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூன்று பேருக்கும் 2017-ல் வேதியியல் நோபல். 2020 ஜனவரியில் புதுக் கொரோனாவின் மரபணு வரிசை வெளியானது, பிப்ரவரியிலேயே அதன் முள் புரதத்தின் வடிவம் இந்த வழியில் வந்துவிட்டது. நான் தொட்டதில்லை. நான் வேலையை விட்ட பிறகு வந்த காலம் அது. ஆஸ்மியமும் ஈயமும் இல்லாத டெம் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. மூச்சடக்கவே தேவையில்லையாம்.

டிசம்பர் 3

பாச்சலூர்க்காரர் எழுதியிருக்கிறார். காம்பில் புள்ளியும் கோடும் இருந்ததாம். மகள் நம்பாமல் துண்டு வாங்கிப்போய் பி.சி.ஆர். செய்திருக்கிறாள், முடிக்கொத்து உறுதி. இருபது மரத்தையும் அன்றைக்கே வெட்டிச் சாய்த்துவிட்டாராம்.

அவசரப்பட்டுவிட்டீர்கள். முதலில் மருந்தடித்து, இந்த வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சியைக் கொன்றுவிட்டுத்தான் வெட்டியிருக்க வேண்டும். வெட்டிய மரத்திலிருந்து அது பக்கத்து மரத்துக்கு ஏறிப் போகும், வைரஸையும் தூக்கிக்கொண்டு. நிற்கிற வாழைகளின் குருத்தடியில், மட்டை இடுக்கில் பாருங்கள். கறுப்பாக, எறும்புத்தலை அளவு, கூட்டமாக இருக்கும். எறும்பு ஏறி இறங்கினாலே அங்கே அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். கிழங்கோடு தோண்டினீர்களா, மேலே மட்டும் வெட்டினீர்களா? மேலே மட்டும் என்றால் பக்கக்கன்று அதே நோயோடு வரும்.

டிசம்பர் 3, இரவு

அந்த 1995 படங்களைப் போடச் சொல்லி மூன்று பேர் கேட்டதால் டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். உறை இருக்கிறது. "வைரஸ்" என்று என் எழுத்து, மூன்று ஆச்சரியக்குறி, அதன் கீழே கைடின் சிவப்புப் பேனாவில் ஒரே ஒரு கேள்விக்குறி. உள்ளே நெகடிவ் 24-ம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே வெள்ளை வெள்ளையாக வட்டம். இந்த மலை ஈரத்தில் ஜெலட்டினில் பூஞ்சை பிடித்துவிட்டது. ரைபோசோம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பத்து மடங்கு லென்ஸை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். இழை, இழை நுனியில் உருண்டை, உருண்டையைச் சுற்றி மாலை மாலையாக வித்து. ஆஸ்பெர்ஜில்லஸாகத்தான் இருக்கும்.

நல்ல நெகடிவ் ஒன்றையும் எடுத்துப் பார்க்கலாம் என்று தேடினேன். இல்லை.

டிசம்பர் 5

கிழங்கோடுதான் தோண்டினாராம். சரி. புதுக்கன்று எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்? பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்றால் வேண்டாம். திசு வளர்ப்புக் கன்று, அதுவும் வைரஸ் சோதனை செய்த சீட்டோடு. காபி பறிப்பு முடிந்ததும் நான் ஜீப் எடுத்துக்கொண்டு கீழே போகிறேன், உங்களுக்கும் சேர்த்து ஏற்றிவருகிறேன். எத்தனை வேண்டும்?